கணக்கில் வராத காற்று

கருமத்தம்பட்டி சிக்னலில் மூன்றாவது தடவை அணைந்தபோது
பின்னால் நின்ற கோழி வண்டிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை.
இறங்கி வந்து, "தள்ளட்டுங்களா?" என்றார்.
அந்த மரியாதைதான் என்னை அழவைத்தது.

சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும்.
பிடித்ததும் யாரோ மிதித்ததுபோல உறுமும்.
யாரும் மிதிக்கவில்லை.
செருப்பைக் கழற்றிவைத்துக்கூடப் பார்த்துவிட்டேன்.
முள் இரண்டாயிரத்தைத் தாண்டும், இறங்கும்,
எண்ணூறு, ஐந்நூறு, ஒரு குலுக்கல்,
மறுபடி ஏறும்.
ஏறாத நாளில் அணையும்.

கோயமுத்தூரில் ப்ளக் மாற்றினார்கள்.
பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள்.
த்ராட்டில் கழுவியதாக ஒரு பில்,
அதில் ஜி.எஸ்.டி. மட்டும் சரியாக இருந்தது.
நூல் கமிஷன் கடையில் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்.
பதினோராயிரத்து நானூறு பற்று எழுதி
எதிரே எழுத ஒன்றுமில்லாத பக்கம்
எனக்கு ஆகாது.

சோமனூரில், தறிக்கூடத்தை ஒட்டின சந்தில்
அர்த்தனாரியின் ஷெட்.
ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்.
"ஒரு குத்தமும் சொல்ல மாட்டேங்குதுங்."
பானட்டைத் தூக்கிக் குனிந்தவர்
இருபது நிமிடம் எதையும் தொடவில்லை.
ஏர் ஃபில்டரில் பஞ்சு. இந்த ஊரில் யார் மூக்கில்தான் இல்லை.
தட்டிவிட்டு வைத்தார். அது இல்லை.
காதைக் கொண்டுபோனார்.
சுவருக்கு அந்தப் பக்கம்
முப்பத்தாறு தறி ஓடிக்கொண்டிருந்தது.
"இந்தச் சத்தத்துல என்னத்தக் கேக்கறதுங்.
சித்த இருங்க. ரெண்டே முக்காலுக்குக் கரண்ட நிறுத்தறாங்க,
லைன்ல கெளை வெட்டறாங்களாமா."

நிறுத்தினார்கள்.
முப்பத்தாறும் ஒன்றாக நிற்கவில்லை.
இழுத்து இழுத்து, ஒவ்வொன்றாக,
கடைசித் தறி ஒருமுறை தனியாக அடித்து ஓய்ந்தது.
யாரோ டீ ஆற்றுவது கேட்டது.
அதற்கும் கீழே,
எங்கள் இரண்டு பேர் நடுவில்,
ஸ்ஸ்ஸ் என்று ஒன்று.

சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய்.
மேலே பார்த்தால் புதுசு. அடியில் வெடிப்பு.
கட்டைவிரலால் அமுக்கினார்.
உறுமல் இறங்கி எண்ணூற்றைம்பதில் நின்றது.
எடுத்தார், ஏறியது.
வைத்தார்.
"நீங்களும் வெச்சுப் பாருங்."
வைத்தேன். சூடு. விரலை உள்ளே இழுத்தது,
கூட வா என்பதுபோல.

"முன்னால ஒரு சென்சாருங், உள்ள போற காத்த அளந்து சொல்லும்,
அதுக்குத் தக்கன பெட்ரோல் விழும்.
இது அதுக்குப் பொறவு நொழையற காத்து.
வாசல்ல எழுதறவனுக்குத் தெரியாம
பொடக்காளி வழியா வந்த சரக்கு.
பாவம், அது கூட்டிப் பாக்குது, கொறச்சுப் பாக்குது,
கணக்கு ஒக்க மாட்டேங்குது."

எனக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.
பில் இல்லாமல் எங்கள் குடோனில் இறங்கிய நாற்பது பை நூலுக்கு
இருப்பைக் கூட்டி எழுதினேன், குறைத்து எழுதினேன்,
ஒரு மார்ச் மாதம் முழுக்க.
வீட்டில் எல்லோரிடமும் கத்தினேன்.
பிறகு மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை.
ஒரு பேச்சுக்காவது
யாரும் கரண்டை நிறுத்திக் கேட்டிருக்கலாம்.

குழாய் அறுபது ரூபாய், கூலி இருநூறு.
கிளிப்புக்குக் காசு வாங்கவில்லை.
தறிகள் திரும்ப ஓட ஆரம்பித்தபோது
இன்ஜின் ஓடுகிறதா என்பதையே
முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று வாரமாகிறது. ஒழுங்காகத்தான் இருக்கிறது.
இருந்தும் கருமத்தம்பட்டி சிக்னலில்
சிவப்பு எண்கள் எண்பது, எழுபத்தொன்பது என்று இறங்கும்போது
என் வலது கால்
லேசாக, ஒரு நூல் அளவு,
மிதித்துக்கொண்டே நிற்கிறது.